காற்றை அளக்கக் கற்போம்

(மகாராஜபுரத்தில் நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் நிகழ்த்திய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் எழுத்தையும் எண்ணையும் நம் பிள்ளைகளுக்குக் கற்பித்து வந்துள்ளது. எழுத்து நமக்கு என்ன தந்தது என்பதை இம்மேடையில் முன்னர்ப் பேசிய பெரியோர் எடுத்துரைத்தனர். மனு எழுதத் தெரியாதிருந்த தெருவில் இன்று ஆசிரியர் உளர், செவிலியர் உளர், வழக்குரைஞரும் உளர். எண் நமக்கு என்ன தரவேண்டும் என்பதைப் பற்றியே இன்று சில சொற்கள் கூற விழைகின்றோம். கணக்குப் பாடத்தில் நாம் படித்த எண்ணைக் கொண்டு நாம் மூச்சிழுக்கும் காற்றை அளக்க முடியும், அளக்கவும் வேண்டும். இதுவே நம் பேச்சின் பொருள்.

மேற்கே சதுரகிரி மலையும், மரஞ்செடிகளும், வயலும் சூழ்ந்த இவ்வூரில் நின்றுகொண்டு காற்று மாசைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணலாம். ஆனால் விடியுமுன் மில் வேன் வந்து நிற்பதும், நம் பிள்ளைகள் அதில் ஏறி இராசபாளையம் பக்கத்துப் பஞ்சாலைகளுக்குச் செல்வதும் நாம் அன்றாடம் காண்பவை. நம் உறவின்முறையார் பலர் ஆலைகளின் மதிலை ஒட்டியும், கல் உடைக்கும் கிரஷர்களுக்கு அருகிலும், செங்கல் சூளைகளின் ஓரத்திலும் குடியிருக்கின்றனர். ஊருக்குப் புறத்தே நமக்கு இடம் ஒதுக்கினார்கள் அன்று. ஊருக்குப் புறத்தே புகைக்கூண்டுக்கும் இடம் ஒதுக்குகிறார்கள் இன்று. ஆகவே, புகையும் நாமும் அண்டை வீட்டார் ஆனோம்.

மனுவும் ஒரு கேள்வியும்

சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கின்றோம். நம் உறவினர் வாழும் ஒரு குடியிருப்பில், பக்கத்து ஆலையின் கரித்தூள் உலர்த்திய துணிமேலும், மூடாத சோற்றுப் பானைமேலும் விழுந்துகொண்டிருந்தது. குழந்தைகளுக்கு ஓயாத இருமல். நூற்றுக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்ட மனுவை எடுத்துக்கொண்டு நாம் ஓர் அலுவலகத்திற்குச் சென்றோம். அங்கிருந்த அதிகாரி நம்மை அவமதிக்கவில்லை. நாற்காலி கொடுத்து அமரச் செய்தார். மனுவைப் படித்துவிட்டு, “புகை தாங்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு? எந்த நேரத்தில்? மாதத்தில் எத்தனை நாள்? எந்தத் திசைக் காற்றில்?” என்று வினவினார்.

நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நம்மில் பட்டதாரிகள் இருந்தோம். இருந்தும் ஒரு கேள்விக்கும் விடை இல்லை. பின்னர் ஆய்வுக்கு ஆள் வந்தனர். கருவியை ஆலையின் முன்வாயிலில் வைத்தனர். அன்று காற்று எதிர்த்திசையில் வீசியது. புகைக்கூண்டும் அன்று என்னவோ அடக்கமாகவே இருந்தது. அளவு வரம்புக்குள் உள்ளது என்று தாள் வந்தது. நம் இருமல் உண்மை; அந்தத் தாளில் உள்ள எண்ணும் பொய்யன்று. ஆயினும் அந்த எண் நம்முடைய காற்றின் எண் அன்று. அன்றுதான் ஒரு பாடம் கற்றோம்: கருவி எங்கே நிற்கிறது, எப்போது நிற்கிறது என்பதைத் தீர்மானிப்பவரே, யாருடைய மூச்சு கணக்கில் வரும் என்பதையும் தீர்மானிக்கின்றார்.

அளவு என்பது என்ன?

காற்றில் மிதக்கும் தூசியை, ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் என்று கணக்கிடுவர். ஒரு கிராமைப் பத்து இலட்சம் கூறு இட்டால் அதில் ஒரு கூறு மைக்ரோகிராம். தூசியிலும் தரம் உண்டு. கண்ணுக்குத் தெரியும் பெருந்தூசியை மூக்கும் தொண்டையும் பெரும்பாலும் தடுத்துவிடும். பத்து மைக்ரானுக்குக் குறைந்த துகள் மூச்சுக்குழலுக்குள் செல்லும். இரண்டரை மைக்ரானுக்குக் குறைந்தது நுரையீரலின் கடைக்கோடிச் சிற்றறை வரையில் சென்று தங்கும். தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ எழுபது மைக்ரான் என்பதை நினைத்தால், இத்துகளின் நுண்மை விளங்கும். கண்ணை உறுத்தும் தூசியைவிடக் கண்ணுக்குத் தெரியாத தூசியே கொடியது.

நம் நாட்டில் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981-ஆம் ஆண்டில் பிறந்தது. 2009-ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிடப்பட்ட தேசியத் தர அளவுகளின்படி, 24 மணி நேரச் சராசரியில் பத்து மைக்ரான் துகள் 100 மைக்ரோகிராமையும், இரண்டரை மைக்ரான் துகள் 60 மைக்ரோகிராமையும் தாண்டலாகாது. உலக சுகாதார நிறுவனம் 2021-ஆம் ஆண்டில் இவற்றை முறையே 45, 15 என்று இன்னும் குறுக்கிக் கூறியுள்ளது.

இவை வெளிக்காற்றின் அளவுகள். வெளிக்காற்றின் அளவு வேறு. ஒரு மனிதர் உட்கொள்ளும் அளவு வேறு. இந்த வேற்றுமையை நம் இளைஞர்கள் நன்கு மனத்தில் கொள்ளவேண்டும். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்திற்காக நாம் கற்பனையாக வைத்துக்கொண்டவை. ஒரு தங்கை பஞ்சாலையில் 8 மணி நேரம் வேலை செய்கிறாள். அங்கே தூசி 400. வீட்டில் விறகடுப்பின் முன் 2 மணி நேரம், அங்கே 600. எஞ்சிய 14 மணி நேரம் தெருவிலும் வீட்டிலும், அங்கே 60. எட்டை 400-ஆல் பெருக்கினால் 3,200. இரண்டை 600-ஆல் பெருக்கினால் 1,200. பதினான்கை 60-ஆல் பெருக்கினால் 840. கூட்டினால் 5,240. இதை 24-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 218. ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் நிற்கும் கருவி அன்று காட்டுவது 60. அந்தத் தங்கையின் மார்பு அறிந்தது 218. ஊர் நலமாக உள்ளது என்று அறிக்கை கூறும், தங்கை இருமிக்கொண்டிருப்பாள்.

இவ்வேற்றுமையை நம் நாட்டிலேயே ஆய்வாளர் அளந்து காட்டியுள்ளனர். கிர்க் ஸ்மித் என்னும் அறிஞர், இந்திய ஆய்வாளரோடு சேர்ந்து, 1981-ஆம் ஆண்டில் குஜராத் கிராமங்களில் அடுப்பெரிக்கும் பெண்களின் உடையிலேயே சிறு கருவியைப் பொருத்தி அளந்தார். சமைக்கும் நேரத்தில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 7 மில்லிகிராம், அதாவது 7,000 மைக்ரோகிராம் தூசி இருந்தது. புகை என்றால் நகரம், நகரம் என்றால் ஆலை என்று எண்ணியிருந்த உலகம், அதன் பின்னரே நம் தாய்மார்களின் அடுக்களையைத் திரும்பிப் பார்த்தது.

பஞ்சும் மூச்சும்

பஞ்சாலையில் பணியாற்றியோர் இந்த அவையில் பலர் இருக்கின்றீர்கள். புளோ ரூமிலும் கார்டிங்கிலும் நின்றவருக்கு நாம் விளக்க வேண்டுவது இல்லை. வார விடுமுறை கழித்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும், மூச்சு முட்டும், மறுநாள் சற்றுத் தணியும். ஆண்டுகள் செல்லச் செல்ல, அந்த இறுக்கம் எல்லா நாளுக்கும் பரவும். “பழகினால் சரியாகிவிடும்” என்று முதியவர் இளையவருக்குச் சொல்வர். அது பழக்கமன்று, நோய். பிசினோசிஸ் என்று மருத்துவர் பெயரிட்ட பஞ்சுத் தூசி நோய். தொழிலால் வரும் நோய்களின் சட்டப் பட்டியலில் அதற்கு இடம் உண்டு.

இந்நோயை இங்கிலாந்தின் லங்காசயர் ஆலைகளில் ஷில்லிங் என்னும் மருத்துவர் 1950-களில் முறையாக ஆராய்ந்தபோது, அவர் கையாண்ட முதற்கருவி ஒரு கேள்வித்தாள்: எந்த நாளில் நெஞ்சு இறுகுகிறது? எல்லா வாரமுமா? முதல் நாள் மட்டுமா? தொழிலாளர் அறிந்திருந்ததையே அவர் கேட்டு, வகைப்படுத்தி, எண்ணாக்கினார். அமெரிக்காவில் 1978-ஆம் ஆண்டில், நூற்பாலைக் காற்றில் பஞ்சுத் தூசி 200 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என்று விதி வந்தது. ஆலை உரிமையாளர் வழக்குத் தொடுத்தும், 1981-ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அவ்விதியை நிலைநிறுத்தியது. முறையாகக் கேட்டு எழுதிய கேள்வியே ஓர் அளவைக் கருவி ஆகும் என்பதை இதனால் அறிகின்றோம்.

கடலூர் காட்டிய வழி

இனி, நம் தமிழ்நாட்டிலேயே எளிய மக்கள் தம் காற்றைத் தாமே அளந்த வரலாற்றைக் கூறுவோம். கடலூருக்குத் தெற்கே, சிதம்பரம் சாலைக்கும் உப்பனாற்றுக்கும் இடையே சிப்காட் தொழிற்பேட்டை 1980-களில் எழுந்தது. மருந்து, சாயம், பூச்சிக்கொல்லி முதலியவற்றைச் செய்யும் இரசாயன ஆலைகள் வந்தன. குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம், சங்கொலிக்குப்பம் முதலிய ஊர்களில் வாழ்ந்த மீனவரும் உழவரும் கூலித் தொழிலாளரும் நாற்றத்தாலும் கண் எரிச்சலாலும் துன்புற்றனர். ஆண்டுக்கணக்கில் மனுக் கொடுத்தனர். நாற்றத்தைத் தாளில் ஒட்டி அனுப்ப முடியுமா? அதிகாரிகள் வந்து சேருமுன் காற்று திசை மாறிவிடும்.

2004-ஆம் ஆண்டில் அவ்வூர் மக்கள் சிப்காட் பகுதிச் சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பு என்னும் அமைப்பாகத் திரண்டனர். முதலில் அவர்கள் கையில் எடுத்தது குறிப்பேடு. எந்த நாள், எத்தனை மணி, காற்று எத்திசை, நாற்றம் எத்தகையது, உடலில் என்ன தொல்லை என்று எழுதினர். அழுகிய முட்டை நாற்றம், அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம், நகப்பூச்சு நாற்றம் என்று மூக்கறிந்த பெயர்களையே இட்டனர். குறிப்புகள் சேரச் சேர, எந்த நாற்றம் எந்த மதிலுக்கு அருகில் எழுகிறது என்பது புலனாயிற்று. படிப்பு மிகுதியும் இல்லாதவர் மூக்கும் சான்று கூறத் தொடங்கியது.

அடுத்து அவர்கள் எடுத்தது ஒரு வாளி. வியப்படைய வேண்டாம், உண்மையிலேயே பிளாஸ்டிக் வாளிதான். இறுக மூடிய வாளிக்குள் காற்றோடு வினைபுரியாத ஒரு தனிவகைப் பை இருக்கும். பையின் வாய் மட்டும் குழாய் வழியாக வெளியே திறந்திருக்கும். சிறு பம்பு கொண்டு வாளிக்குள் உள்ள காற்றை உறிஞ்சினால், உள்ளே வெற்றிடம் உண்டாகி, பை விரிந்து வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும். நம் நெஞ்சுக்கூடு விரிய, நுரையீரல் காற்றை இழுப்பதைப் போன்ற வேலையே இது. சில நிமிடங்களில் பை நிறையும். அதை அடைத்து ஆய்வகத்திற்கு அனுப்பினால், உள்ளிருக்கும் வாயுக்களின் பெயரும் அளவும் வந்துவிடும். நாற்றம் எழும் அந்த நிமிடத்திலேயே, நாற்றம் வீசும் அந்தத் தெருவிலேயே காற்றைப் பிடிக்கலாம் என்பதே இதன் சிறப்பு. நம் மனு தோற்ற இடத்தில் இவ்வாளி வென்றது.

அவர்கள் அனுப்பிய மாதிரிகள் அமெரிக்க ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டன. அதே 2004-ஆம் ஆண்டு செப்டம்பரில் அறிக்கை வெளியிட்டனர். 22 நச்சு இரசாயனங்கள் கண்டறியப்பட்டன. அவற்றுள் 8 புற்றுநோயை விளைவிப்பவை. உச்சநீதிமன்றம் அமைத்திருந்த தீங்கான கழிவுகள் கண்காணிப்புக் குழுவும் அப்போது கடலூருக்கு வந்து பார்வையிட்டது. நஞ்சு என்று தெரிந்த பல வாயுக்களுக்கு அந்நாளில் நம் நாட்டில் வெளிக்காற்றுத் தர அளவே விதிக்கப்பட்டிருக்கவில்லை. விதி இல்லாத இடத்தில் விதிமீறலை யார் கண்டுபிடிப்பார்? பென்சீன் முதலியன தேசியத் தர அளவுப் பட்டியலில் ஏறியது 2009-இல்தான். நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வேண்டுகோளின்படி சிப்காட்டை ஆய்ந்து, அங்கு வாழ்வோருக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு இயல்பைப்போல் 2,000 மடங்கேனும் மிகுதி என்று கூறியது. ஊரார் மூக்கு சொன்னதை வாளி சொன்னது. வாளி சொன்னதை நிறுவனமும் சொல்லிற்று.

அளந்ததனால் அவ்வூர்களின் துன்பம் அன்றே தீர்ந்துவிட்டது என்று நாம் கூறவில்லை. ஆனால் “உங்கள் கற்பனை” என்று அவர்களைத் திருப்பி அனுப்பும் காலம் அன்றோடு முடிந்தது.

இவ்வாளி முதலில் 1995-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு அருகில் வாழ்ந்தோருக்காக உருவாக்கப்பட்டது. பின்னர் லூசியானா மாநிலத்தின் நார்கோ என்னும் ஊரில், டைமண்ட் எனப்படும் கறுப்பின மக்களின் குடியிருப்பு இதைக் கையில் எடுத்தது. ஷெல் நிறுவனத்தின் இரசாயன ஆலை அவர்கள் தெருவை அடுத்து நின்றது. மார்ஜி ரிச்சர்டு என்னும் பள்ளி ஆசிரியை முன்னின்று நடத்திய போராட்டத்தின் பயனாக, 2002-இல் அந்நிறுவனம் அவர்கள் வீடுகளை விலை கொடுத்து வாங்கி, வேறிடம் செல்ல வழி செய்ய இசைந்தது. கடல் கடந்த நாட்டிலும் ஒடுக்கப்பட்டோர் குடியிருப்பே ஆலை மதிலுக்கு அண்மையில் இருந்ததையும், ஓர் ஆசிரியையே அங்கு வழிகாட்டியதையும், கல்விச் சங்கத்தாராகிய நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

நம்மிடம் என்ன இருக்கிறது? இரவுப் பள்ளி இருக்கிறது. பத்தாம் வகுப்புக் கணக்குத் தெரிந்த பிள்ளைகள் இருக்கின்றனர். இதுவே போதும் தொடங்குவதற்கு.

முதலாவது, குறிப்பேடு. தொழிற்சாலைக்கு அண்மையில் உள்ள ஒவ்வொரு குடியிருப்பிலும் இருவர் பொறுப்பேற்கட்டும். நாள், மணி, காற்றின் திசை, புகை, நாற்றம், உடற்குறை ஆகியவற்றை எழுதட்டும். ஆடி மாத மேல்காற்றில் புகைக்கூண்டுக்குக் கிழக்கே உள்ள தெரு வாடும். வாடைக்காற்றில் தெற்கே உள்ளது வாடும். மார்கழி விடியலில் குளிர்ந்த காற்று தரையோடு படிந்து, புகையை மேலே எழவிடாது. இவை உங்கள் பாட்டிக்குத் தெரிந்தவை, ஏட்டில் ஏறவேண்டும்.

இரண்டாவது, தூசிப் பாத்திரம். வாயகன்ற பாத்திரத்தைக் கூரைமேல் திறந்த வெளியில் முப்பது நாள் வைத்து, விழுந்த தூசியை உலர்த்திப் பள்ளி ஆய்வகத் தராசில் நிறுக்கலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு கிராம் விழுந்தால், ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு டன் விழுந்ததாகப் பொருள். ஆலையினின்றும் விலகிய ஊரில் இன்னொரு பாத்திரம் வைத்தல் வேண்டும்; ஒப்பிட ஒன்று இல்லாத அளவு ஒற்றைக் கால் ஏணி.

மூன்றாவது, மூச்சு அளவு. பீக் ஃப்ளோ மீட்டர் என்னும் ஊதுகுழாய் மருந்துக் கடையில் கிடைக்கும் எளிய கருவி. பஞ்சாலைக்குச் செல்வோர் ஷிப்டுக்கு முன்னும் பின்னும், வாரத்தின் முதல் நாளும் கடைசி நாளும் ஊதிப் பார்த்து எழுதி வைத்தால், மருத்துவரிடம் காட்ட ஒரு சான்று உண்டாகும்.

நான்காவது, அரசின் அளவுகளைக் கேட்டுப் பெறுதல். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மனுச் செய்தால் 30 நாளில் விடை தரவேண்டும். எந்த நாளில், எந்த இடத்தில், எந்தக் காற்றில் அளந்தீர் என்று கேளுங்கள். கேள்வி கூரியதாயின் விடையும் கூர்மை பெறும்.

சில ஆயிரம் ரூபாய்க்கு மின்னணுக் கருவிகளும் இன்று கிடைக்கின்றன. அவை துகள்மேல் ஒளியைப் பாய்ச்சி, அது சிதறும் அளவைக் கொண்டு கணக்கிடுபவை. பனியும் ஈரமும் மிக்க விடியலில் கூட்டிக் காட்டும் இயல்புடையவை. ஆதலின் தரமான கருவி ஒன்றின் அருகில் சில நாள் வைத்து ஒப்பிட்ட பின்னரே அவற்றை நம்பலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அளப்பவர் நேர்மையானவராக இருத்தல் வேண்டும். நமக்கு வேண்டிய எண் வரும் நாளை மட்டும் எழுதி, வராத நாளை விட்டுவிட்டால், ஆலை வாயிலில் கருவி வைத்தவருக்கும் நமக்கும் வேறுபாடு இல்லை. இருமலுக்கு அடுப்புப் புகையும் காரணமாகலாம்; பீடியும் காரணமாகலாம். அவற்றையும் எழுதுங்கள். நம் குறையையும் மறைக்காத ஏட்டை யாரும் எளிதில் தள்ளிவிட முடியாது.

“ஆலையை அளக்கப் புகுந்தால் வேலை போய்விடுமே” என்று தாய்மார் சிலர் அஞ்சுவதையும் நாம் அறிவோம். அந்த அச்சம் நகைக்கத்தக்கதன்று. அந்தக் கூலியால்தான் நம் பிள்ளைகள் பலர் படித்தனர். ஆலை மூடவேண்டும் என்பது நம் வேட்கை அன்று. தூசியை உறிஞ்சும் கருவி ஓடவேண்டும். புகைக்கூண்டின் வடிகட்டி இரவிலும் இயங்கவேண்டும். உழைப்பவர் உயிரோடு ஓய்வு பெறவேண்டும். சோறா, மூச்சா என்று நம்மைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்வியே தவறானது.

மகாத் தரும் பாடம்

1927-ஆம் ஆண்டு மார்ச்சு 20-ஆம் நாள், அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் சென்று மகாத் நகரின் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகினார். அந்நிகழ்ச்சியை நாம் அனைவரும் அறிவோம். அதன் பின்கதையைப் பலர் அறியார். எதிர்த்தரப்பினர் வழக்குத் தொடுத்தனர். நம்மவர் அக்குளத்தைத் தொடலாகாது என்பது தொன்றுதொட்ட வழக்கம் என்று வாதாடினர். பத்தாண்டு நடந்த வழக்கில், 1937-ஆம் ஆண்டு பம்பாய் உயர்நீதிமன்றம், அத்தகைய தொன்மையான வழக்கம் நிறுவப்படவில்லை என்று தீர்ப்பளித்தது. குளக்கரையில் துணிவு வென்றது. நீதிமன்றத்தில் சான்று வென்றது. இரண்டும் ஒருவரிடமே இருந்தன என்பதே அண்ணலின் பெருமை.

தண்ணீரை நமக்கு மறுத்தார்கள். காற்றை யாராலும் மறுக்க இயலாது. ஆனால் அதில் கலப்பது முதலில் நம் தெருவுக்கு வருகிறது. துணிவு நம்மிடம் குறைவில்லை. குறைவாக இருப்பது சான்று. அதனைத் தேடித் தருவது கல்விச் சங்கத்தின் கடமை அன்றோ?

வெள்ளி விழாவின் நினைவாக ஒரு வேண்டுகோள். இவ்வாண்டு இரவுப் பள்ளியில் ஒரு பெரிய ஏடு வாங்கி வையுங்கள். முதற்பக்கத்தில் நாளை விடியலின் நாளும், மணியும், காற்றின் திசையும் எழுதுங்கள். நாம் மீண்டும் ஒருநாள் அந்த அலுவலகத்தின் நாற்காலியில் அமரும்போது, “எவ்வளவு?” என்று வினவினால், அந்த ஏட்டைத் திறந்து மேசைமேல் வைப்போம்.